பாட்சா வாங்கிய சங்கு

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னால், நின்றுகொண்டே அறிவித்தேன். உட்கார்ந்துவிட்டால் தைரியம் போய்விடும்.

"இன்னைக்கிலேருந்து வீடு உன்னுது. பட்டறை என்னுது. வீட்டுல என்ன கொழம்புன்னு நான் கேக்க மாட்டேன். பட்டறைல என்ன வேலைன்னு நீ கேக்கப்படாது."

என் மனைவி மதீனா பீவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "சரி" என்றாள்.

ஒரே சொல். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் ஒரே சொல்லில் சம்மதித்தது நிக்காஹ் அன்றைக்கு மட்டும்தான். அதன் விளைவுகளைத்தான் இத்தனை காலமும் அனுபவித்து வருகிறேன். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மீன் குழம்பு நன்றாக இருந்தது. உஷாராகவில்லை.

என் பெயர் கரீம் பாட்சா. சொந்த ஊர் கடையநல்லூர். தாராவியில், சயான் போகிற ரோட்டில், லாரிப் பட்டறை. வெளியே எல்லோருக்கும் நான் பாட்சா. வீட்டில் மட்டும் அந்தப் பாட்சா பலிக்காது.

அறிவிப்புக்குக் காரணம் இருந்தது. மற்ற நாட்களில் மதியச் சோற்றை அவளே பட்டறைக்குக் கொண்டு வருவாள். வந்தவள் கேரியரை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. போக மாட்டாள். "அந்த லேத்தை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டா வெளிச்சம் விழும்ல" என்பாள். "பழைய டயரை எதுக்கு வாசல்ல அடுக்கி வச்சிருக்கிய, வாரவுக முட்டிக்கிட்டு விழவா" என்பாள். நான் முடியாது என்பேன். அவள் போனதும் வேலையாட்கள் லேத்தைத் திருப்பிப் போடுவார்கள். வெளிச்சம் விழும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாகச் சொல்கிற மனைவியைத் திருத்தலாம். சரியாகவே சொல்கிற மனைவியை என்ன செய்வது?

அதோடு, அந்த வாரம் பட்டறைக்கு ஒரு பெரிய காரியம் வந்திருந்தது. மாட்டுங்காவில் ஒரு லாரிக் கம்பெனிக்கு மேனேஜர் வேங்கடசுப்ரமணியன். பாலக்காட்டுக்காரர். செம்பூரிலிருந்து தினமும் குடையோடு வந்து, குடையோடு திரும்புகிறவர். வெயில் மழை என்றெல்லாம் பார்க்க மாட்டார். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓய் பாட்சா, கசாரா காட் மலை ஏத்தத்துல எங்க லாரி பன்னெண்டும் திணர்றது. நீர் உம்ம லாரியில என்ன வித்தை வேணும்னாலும் பண்ணிக்கும். அஞ்சு டன் சிமெண்டை ஏத்திண்டு, நடுவில எங்கயும் நிக்காம இகத்புரி போய்ச் சேரணும். சேர்ந்தா எங்க பன்னெண்டு லாரியும் உம்ம பட்டறைக்கு. நின்னா குர்லா பட்டறைக்காரன்கிட்ட போயிடுவேன், கேட்டேளா. ரெண்டு வாரம் டயம்."

பன்னிரண்டு லாரி வந்தால் பட்டறையில் ஒன்பது பேருக்கும் வருடக்கணக்கில் வேலை. வராவிட்டால் பாதிப் பேரை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். எனக்கு அந்த ஒன்பது பேரின் முகமும் நினைவுக்கு வந்தது. அடுத்தபடியாக மதீனாவின் முகம் வந்தது. இந்த ஒரு காரியத்தையாவது அவள் வாய் வைக்காமல் முடித்துக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

என் லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகச் சண்டை முடிந்த பிறகு மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட வண்டி. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. அந்த எஞ்சினை இறக்கிவிட்டு, ஒரு மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சினை ஏற்றினேன். உடம்பு பட்டாளத்தில் இருந்தது, உயிர் கடலில் இருந்தது. இரண்டுக்கும் தாராவியில் கல்யாணம் செய்து வைத்தது நான். சமதரையில் நன்றாகத்தான் ஓடும். மலையைக் கண்டால் மூச்சு வாங்கும்.

மூச்சுக்கு மருந்து டர்போ சார்ஜர். கப்பலில் உண்டு, பெரிய பெரிய மிஷின்களில் உண்டு. லாரியில் நான் பார்த்ததில்லை. எஞ்சின் விடுகிற புகை வெளியே போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடும். அது கூடவே இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். அந்த இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசல் கூடுதலாக எரியும். கூடுதலாக எரிந்தால் கூடுதலாக இழுக்கும். எஞ்சின் தன் பெருமூச்சை வைத்தே தனக்கு மூச்சு கொடுத்துக்கொள்கிற ஏற்பாடு.

பார்வைக்குச் சுருண்டு, வாய் திறந்து, சங்கு மாதிரி இருக்கும். டர்போ சார்ஜர் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு புரளவில்லை. "சங்குன்னு சொல்லுங்கல" என்றேன். பெயர் வைத்தவன் நான்தான். அந்த வாயை இப்போது நினைத்தாலும் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

குர்லாவில் ரோஷனின் பழைய இரும்புக் கடையில் இரண்டு சங்கு இருந்தன.

"யே தேக்கோ பாய்" என்று ரோஷன் தூசியைத் தட்டினான். பம்பாயிலேயே பிறந்த தமிழன். ஒரு வாக்கியத்தை இந்தியில் தொடங்கினால் தமிழில்தான் முடிப்பான். "படாவாலா, பெருசு, கப்பல்ல இருந்தது. சோட்டாவாலா, சின்னது, ரோடு போடுற மிஷின்ல இருந்தது. எது வேணுமோ எடு."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முடிவு செய்யத் தெரியாமல் இல்லை. பெரியது என்று பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட வேண்டியிருந்தது. மதீனாவோ நாலு நாளாக ஒன்றுமே கேட்கவில்லை. கேரியரை வைப்பாள், போவாள். கேட்காதே என்று சொன்னவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு முன்னமே தெரியாது. அன்று சாயங்காலம் நானே ஆரம்பித்தேன்.

"ஏளா, குர்லால ரெண்டு சங்கு பார்த்தேன்."

"பட்டறை விசயம் வேண்டாம்னியளே."

"நீ கேக்கப்படாதுன்னுதான் சொன்னேன். நான் சொல்லப்படாதுன்னு சொல்லலியே."

"அப்பச் சொல்லுங்க."

சங்கு என்றால் என்ன, அதற்குள் எந்தச் சக்கரம் எதைச் சுற்றும் என்று சொன்னேன். "ஒண்ணு பெருசு. பலாப்பழம் தண்டி. இன்னொண்ணு சின்னது. தேங்கா தண்டி."

"எஞ்சினு எவ்வளவு தண்டி?"

"படகு எஞ்சின்தானே. சின்னதுதான்."

"அப்பச் சின்னச் சங்குதானே சரி."

"உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"எஞ்சினு தெரியாது. சங்கு தெரியும். நாலு பிள்ளைக்குச் சங்குல பால் புகட்டிருக்கேன். பிள்ளை வாய்க்குத் தக்கனதான் சங்கு. வாப்பா பெரிய ஆளுன்னு பெரிய சங்கா வாங்கினா பாலு மூக்குல ஏறும்."

"இது பால் சங்கு இல்ல. காத்துச் சங்கு."

"காத்துன்னா இன்னும் மோசம். அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுத்த இந்தச் சின்ன எஞ்சினு விடுத மூச்சு பத்துமா?"

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றாத கேள்வி. எனக்குத் தோன்றாத கேள்வி தப்பான கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்.

"பட்டறை என்னுது" என்றேன்.

"சரி" என்றாள்.

மறுநாள் பெரிய சங்கை நாலு பேர் தூக்க, ஒரு கைவண்டியில் வைத்துக் கொண்டு வந்தேன். தெருவே கூடி நின்று பார்த்தது. புகைக்குழாயை வெட்டினோம், ஒட்டினோம். எண்ணெய்க்குத் தனியாக ஒரு குழாய் இழுத்தோம். பானெட் மூடவில்லை. அதையும் வெட்டினோம். சங்கு அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு பம்பாயைப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாள் நெருங்கியதும் ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். டிரைவர் சொரிமுத்து, என் பக்கத்து வீட்டுக்காரன். ஐந்து டன் மணல் மூட்டை. தாணா தாண்டிச் சமதரையில் வேகம் பிடித்ததும் சங்கு பாட ஆரம்பித்தது பாருங்கள், ஆலைச் சங்கு தோற்றது. பிவண்டிப் பக்கம் ஒருவர் வேலை நேரம் முடிந்துவிட்டது என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

"எப்பிடில?" என்றேன்.

"ஏத்தம் வரட்டும் மொதலாளி" என்றான் சொரிமுத்து.

ஏற்றம் வந்தது. வேகம் குறைந்தது. வேகம் குறைய, புகை குறைந்தது. புகை குறைய, சங்கு வாயை மூடிக்கொண்டது. சங்கு மூட, எஞ்சின் கறுப்பாக இருமியது. முதல் வளைவு தாண்டினோம். இரண்டாவது வளைவில் ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அழுத்துல."

"இதுக்கு மேல அழுத்தினா காலு ரோட்டுல தட்டும் மொதலாளி."

லாரி நின்றது. சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். சொரிமுத்து இறங்கி வந்து சங்கைப் பார்த்தான். "இது எங்க மாமனார் மாதிரி மொதலாளி. வேலை இல்லாத நேரத்துல பாட்டா பாடுவாரு. மூட்டையைத் தூக்குங்கன்னா படுத்துக்கிடுவாரு."

வீட்டுக்கு வந்து, லாரி பறந்தது என்று சொன்னேன். மதீனா "அப்படியா" என்றாள். மறுநாள் காலையில், அவளுக்குத் தெரியாமல், சின்னச் சங்கை வாங்கக் குர்லாவுக்கு ஓடினேன்.

"சோட்டாவாலா பிக் கயா பாய்" என்றான் ரோஷன். "வித்துப் போச்சு. நான் தொழப் போயிருந்தேன், என் தம்பி யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டான். அவன் சூரத் போயிருக்கான். வந்தா கேட்டுச் சொல்றேன்."

அவன் தம்பி திரும்பி வர ஒரு வாரம் ஆகுமாம். எனக்கு இருந்தது ஆறு நாள். பட்டறைக்கு வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். யாரை ஊருக்கு அனுப்புவது என்று எண்ணிப் பார்த்தேன். யாரையும் அனுப்ப மனம் வரவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து சொரிமுத்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன மொதலாளி, வீட்டுல விசேசமாம்லா."

"என்ன விசேசம்?"

"எங்க வீட்டுக்காரி சொன்னா. மதினி உங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்னாகளாம். எனக்குச் சொல்லாம இருக்க முடியல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் டயர் மேலிருந்து வழுக்கினேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகி, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். கடைசிப் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது, அவளுக்கும் வயது நாற்பத்து மூன்று. அதற்கும் பிறகு, ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். இதுவரை கவனிக்காததெல்லாம் இப்போது கண்ணில் பட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் எழுந்தாள். உட்காரும்போது முனகினாள். கொடியில் கிடந்த பழைய மெல்லிய சேலை ஒன்றைக் காணோம். பிள்ளைக்குத் தூளி கட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.

அவள் குடத்தைத் தூக்கினாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

குழாயடியில் நாற்பது பெண்கள். நடுவில் தொப்பியும் கைலியுமாக நான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் சிரித்தேன். அன்றைக்கு எட்டுக் குடம், மறுநாள் பத்துக் குடம். மதீனா என்னை நிறுத்தவில்லை. "அந்தச் சின்னக் குடத்தையும் ரொப்பிருங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் கேட்டுவிட்டேன்.

"ஏளா, எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. என்கிட்ட ஏன் மறைச்ச?"

"சொன்னா ஏசுவிய."

"நான் எதுக்கு ஏசப்போறேன்? இதுக்கெல்லாம் நானுந்தானே காரணம்."

"அது உங்களுக்கே தெரிஞ்சா சரி."

"உடம்புக்கு எப்பிடி இருக்கு?"

"இடுப்புதான் விட்டுப்போச்சு. அவ்வளவு கனத்தை ஒத்தையிலே சுமந்தேன்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே நீ ஒத்தையில்ல" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சின்னது வேண்டாம்னு சொல்ல மாட்டியளே?" என்று கேட்டாள்.

"சின்னதை யாராவது வேண்டாம்பாகளா?"

"அன்னைக்குச் சொன்னியளே."

"அன்னைக்கு ஆயிரம் சொல்லிருப்பேன். அதெல்லாம் மனசுல வச்சுக்காதே. உனக்கு என்ன ஆசையோ கேளு."

"பட்டறைலயும் என் பேச்சு எடுபடணும்."

மாசமாக இருக்கிற பெண்ணின் ஆசையை மறுக்கக் கூடாது. சிலர் மாங்காய் கேட்பார்கள், சிலர் சாம்பல் கேட்பார்கள். இவளுக்குப் பட்டறை மேல் ஆசை வந்திருக்கிறது. போகட்டும், பிள்ளை பிறக்கிற வரைக்கும்தானே.

"எடுத்துக்கோ" என்றேன்.

"சாட்சி வேணும்" என்று எழுந்து வாசலுக்குப் போனாள். "சொரிமுத்தண்ணே, அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க. இவுக என்னமோ சொல்லுதாக, கேட்டுக்கிடுங்க."

இரண்டு பேரும் வந்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வீடும் அவளுடையது, பட்டறையும் அவளுடையது, இனி அவள் சொல்வதுதான் என்று சபையறியச் சொன்னேன். சொரிமுத்து வாயைப் பிளந்தான். அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மதீனா உள்ளே போனாள். அரிசி டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. பழைய சேலையில் சுற்றிய ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். தொடை அமுங்கியது. சேலையை விலக்கினேன். உதிர்ந்த அரிசிக்கு நடுவில், எண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று, சின்னச் சங்கு.

"நீங்க பெருசை வாங்கின மறுநாளே போய் வாங்கிட்டு வந்தேன்" என்றாள். "ஓட்டை அண்டாவைப் போட்டுட்டு எடுத்துக்கிட்டேன். குர்லாலேருந்து பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டாரு."

"அப்ப விசேசம்?"

"எதுத்தாப்புல இந்த அக்கா வந்தாக. மூட்டையில என்னன்னு கேட்டாக. சங்கு, சின்னதுன்னேன். உங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்னேன். அதுல என்ன பொய் இருக்கு? அவுகளா நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?"

"நான் ரெண்டு நாளாத் தண்ணி சுமந்தேனே. அப்பவாவது சொல்லிருக்கலாம்ல."

"இடுப்பு வலிச்சுது. சுமக்கட்டும்னு விட்டேன்."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. குழாயடி வரிசையில் நின்றபோது ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

இரண்டே நாளில் சின்னச் சங்கை மாட்டினோம். மாட்டினோம் என்றால், அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள், நாங்கள் மாட்டினோம். பானெட் சுலபமாக மூடியது.

சோதனை நாளில் வேங்கடசுப்ரமணியன் குடையோடு முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால் சிமெண்டு மூட்டை மேல். கசாரா ஏற்றம் ஆரம்பித்தது. லாரி மெதுவாகத்தான் போனது. ஆனால் மெல்லிய விசில் ஒன்று அடியிலிருந்தே கேட்க ஆரம்பித்து, நிற்கவே இல்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, நாங்கள் கல் வைத்த இடம். நான் பின்னால் உட்கார்ந்தபடி துஆ ஓதிக்கொண்டிருந்தேன். மேலே குளிர் காற்று முகத்தில் அடித்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். இகத்புரி.

மேனேஜர் இறங்கி வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "பேஷ். தேங்காய் அளவு இருந்துண்டு இந்த இழுப்பு இழுக்கறதே. இந்தச் சைஸை யார் ஓய் தேர்ந்தெடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன்.

"எங்க மதினி" என்றான் சொரிமுத்து.

"யாரு, பாட்சாவோட சம்சாரமா?"

"ஆமா. இவுக வாங்கின பெருசு இந்தச் சிமெண்டு மூட்டைக்கு அடியிலதான் கிடக்கு. பாரத்துக்குப் பாரமா இருக்கட்டும்னு ஏத்தினோம்."

வேங்கடசுப்ரமணியன் அந்த இடத்திலேயே குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடிதாசியில் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு லாரியும் எங்களுக்குத்தான். ஒன்பது பேருக்கும் வேலை உண்டு. நான் சொரிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகுதான் கடிதாசியின் கடைசி வரியைப் படித்தேன். சாமான் தேர்வு முழுவதும் திருமதி பாட்சா பொறுப்பு.

அடுத்த வாரம் பாண்டுப்பிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். விஷயம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன்.

"கொழம்பை இறக்கி வச்சிட்டு இப்ப வந்துருவாக" என்றான் சொரிமுத்து. "நீங்க உக்காருங்க. டீ வாங்கத்தான் இவுக எந்திரிச்சிட்டாகளே."